செவிவழிச் சாட்சியம் என்றால் சட்டத்தில் என்ன? காணி வழக்கில் சாட்சி சொல்லப் போகும் ஒருவரின் கேள்வி

கேள்வி: கனகராயன்கரை

அனைவருக்கும் வணக்கம். எனது சின்னம்மாவின் காணி தொடர்பாக மாவட்ட நீதிமன்றத்தில் நடைபெறும் வழக்கில், அவருடைய சாட்சிகளில் ஒருவனாக எனது பெயரும் கொடுக்கப்பட்டுள்ளது. எங்கள் சட்டத்தரணி என்னிடம், “கண்டதை மட்டும் சொல்லுங்கள், பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்ல வேண்டாம், அது செவிவழிச் சாட்சியம்” என்று அறிவுறுத்தினார். அன்று நீதிமன்ற வாசலில் நின்றபடியே பேசியதால், அதற்கு மேல் விளக்கம் கேட்க வாய்ப்புக் கிடைக்கவில்லை.

எனக்குத் தெரிந்தவற்றைத் தாளில் எழுதிப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பகுதி பிறர் வாயிலாகக் கேட்டதாகவே இருக்கிறது. காணியின் தெற்குப் பக்கக் கதியால் வேலி இரவோடு இரவாகப் பிடுங்கப்பட்டது. எதிராளியின் ஆட்கள் உழவு இயந்திரத்தோடு வந்து பிடுங்கியதைத் தனது படலையில் நின்று கண்டதாக அயலவர் ஒருவர் மறுநாள் காலை என்னிடம் சொன்னார். அவர் இப்போது பிள்ளைகளுடன் கனடாவில் வாழ்கிறார். எதிராளியின் தகப்பனார் உயிருடன் இருந்த காலத்தில், ஒரு சிறுபோக அறுவடையின்போது வரம்பில் நின்றபடி, “எல்லை இந்தப் பாலை மரந்தான், அங்கால உங்கட ஆக்களின்ர” என்று என் முன்னிலையில் சொன்னார். காணியின் உறுதி (உரிமைப் பத்திரம்) 2009 ஆம் ஆண்டு இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. அதில் என்ன எழுதியிருந்தது என்பதை எனது அப்பா சொல்லித்தான் நான் அறிவேன். அவரும் இப்போது இல்லை.

பிறர் வாயிலிருந்து வந்த சொல் எல்லாமே செவிவழிச் சாட்சியமாகிவிடுமா? சட்டம் அதனை எவ்வாறு வரையறுக்கிறது? உறுதிகளையும், எல்லை தெரிந்த முதியவர்களையும் ஒருசேர இழந்த எங்கள் ஊர்களில், கண்டதை மட்டுமே சொல்லலாம் என்றால் காணி வழக்கில் சொல்வதற்கு எவரிடமும் அதிகம் மிஞ்சாது. அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: வவுனியா சட்டத்தரணி

தம்பி, உங்கள் சட்டத்தரணி சொன்னது சாட்சிக்கூண்டில் ஏறப்போகும் ஒருவருக்குப் பாதுகாப்பான அறிவுரை. ஆயினும் அதை வரையறை என்று கொள்ள முடியாது. அதை அப்படியே பிடித்துக்கொண்டால், சொல்ல வேண்டியவற்றையும் நீங்கள் சொல்லாமல் விட்டுவிடக்கூடும்.

எங்கள் நீதிமன்றங்களில் இன்றும் நடைமுறையில் இருப்பது, 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தை அடியொற்றி ஆக்கப்பட்ட 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டமாகும். அதில் செவிவழிச் சாட்சியத்துக்கு வரைவிலக்கணம் தரும் பிரிவு எதுவும் இல்லை. இருப்பது 60 ஆம் பிரிவு. வாய்மொழிச் சான்று எதுவாயினும் அது நேரடியானதாக இருக்க வேண்டும் என்பதே அதன் கட்டளை. பார்க்கக்கூடிய நிகழ்வாயின் அதைத் தானே பார்த்தேன் என்று சொல்பவரும், கேட்கக்கூடிய நிகழ்வாயின் அதைத் தானே கேட்டேன் என்று சொல்பவரும் சாட்சியாக வர வேண்டும். இதே கட்டளைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, நிகழ்வு என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், ஒரு மனிதர் குறித்த சில சொற்களைச் சொன்னார் என்பதையும் ஒரு நிகழ்வாகவே எடுத்துக்காட்டுகிறது. இவ்விரண்டு பிரிவுகளையும் சேர்த்து வாசித்தால் உங்கள் ஐயத்தின் பாதி தீர்ந்துவிடும். ஒருவர் பேசியதை உங்கள் காதாலேயே கேட்டிருந்தால், அவர் அப்படிப் பேசினார் என்பதற்கு நீங்கள் நேரடிச் சாட்சி. அவர் பேசிய பொருள் உண்மை என்பதற்கு மட்டும் நீங்கள் சாட்சியாக முடியாது.

ஆகவே நீதிமன்றம் கேட்கும் கேள்வி, அந்தச் சொல் யார் வாயிலிருந்து வந்தது என்பது அன்று. அது எதை நிரூபிப்பதற்காக இங்கே எடுத்துவரப்படுகிறது என்பதே கேள்வி. நீதிமன்றத்தின் முன் சாட்சியாக வராத ஒருவரின் கூற்றை, அக்கூற்றில் அடங்கிய செய்தி உண்மை என்று காட்டுவதற்காகக் கொண்டுவந்தால் அது செவிவழிச் சாட்சியம். அவர் அப்படிச் சொன்னார் என்பதை மட்டும் காட்டுவதற்காகக் கொண்டுவந்தால், அது செவிவழிச் சாட்சியம் ஆகாது.

இந்தப் பிரிகோட்டைத் தெளிவாக வகுத்த தீர்ப்பு, மலாயாவிலிருந்து, இலண்டனிலுள்ள மேன்முறையீட்டு மன்றமான கோமறைக் கழகத்துக்குச் சென்ற சுப்பிரமணியம் எதிர் அரச வழக்குத்தொடுநர் என்ற 1956 ஆம் ஆண்டு வழக்கில் வழங்கப்பட்டது. அதனை எழுதியவர் எங்கள் நாட்டவரான எல். எம். டி. டி சில்வா என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். துப்பாக்கி ரவைகளை வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு மரண தண்டனை பெற்ற சுப்பிரமணியம், காட்டில் இருந்த ஆயுததாரிகள் தன்னைப் பிடித்து மிரட்டியதாலேயே அப்படி நடந்ததாகக் கூறினார். அவர்கள் என்ன சொல்லி மிரட்டினார்கள் என்பதைச் சொல்ல விசாரணை நீதிபதி அனுமதிக்கவில்லை. மிரட்டியவர்களைச் சாட்சியாக அழைத்தாலன்றி அது செவிவழிச் சாட்சியமாகும் என்பது அவருடைய நிலைப்பாடு. கோமறைக் கழகம் அதனை ஏற்கவில்லை. “கொன்றுவிடுவோம்” என்று அவர்கள் சொன்னது உண்மையா பொய்யா என்பது அங்கே பிரச்சினை அன்று. அந்தச் சொல் அவர் காதில் விழுந்ததா, விழுந்தால் அவர் மனதில் அது எத்தகைய அச்சத்தை உண்டாக்கியிருக்கும் என்பதே பிரச்சினை. அதனால் அந்த உரையாடல் சாட்சியமாக அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கூறிக் குற்றத்தீர்ப்பு நீக்கப்பட்டது.

இனி உங்கள் அயலவரின் பேச்சுக்கு வருவோம். எதிராளியின் ஆட்கள்தான் வேலியைப் பிடுங்கினார்கள் என்று நிரூபிக்க நீங்கள் அவருடைய சொல்லை எடுத்துவந்தால், அது ஐயத்துக்கு இடமின்றிச் செவிவழிச் சாட்சியம். காரணத்தை நீங்களே உணர்வீர்கள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து, அன்றிரவு நிலவு இருந்ததா, படலையிலிருந்து வேலி எவ்வளவு தூரம், உழவு இயந்திரத்தின் முன்விளக்கு கண்ணில் அடிக்கும்போது பின்னால் நின்றவர்களின் முகம் எப்படித் தெரிந்தது, வாய்க்கால் தண்ணீர் விடயத்தில் உங்கள் அயலவருக்கும் எதிராளிக்கும் ஏற்கெனவே மனஸ்தாபம் உண்டா என்று கேட்டால், அவற்றுள் எதற்கும் உங்களால் விடை சொல்ல முடியாது. விடை சொல்லக்கூடியவர் சத்தியம் செய்யவும் இல்லை, நீதிபதியின் கண்முன் நிற்கவும் இல்லை. குறுக்கு விசாரணையில் சோதித்துப் பார்க்க முடியாத ஒரு சொல்லைக் கொண்டு இன்னொருவரின் உரிமையைத் தீர்மானிக்கலாகாது என்பதற்காகவே இந்த விதி இருக்கிறது. உங்களுக்கு எதிராக ஒருவர் அப்படிச் சொல்ல வந்தாலும் இதே விதி உங்களைக் காக்கும்.

அவர் கனடாவில் இருப்பதால் மட்டும் நிலைமை மாறிவிடாது. 32 ஆம் பிரிவு இறந்தவர்கள், கண்டுபிடிக்க முடியாதவர்கள், சாட்சியமளிக்க இயலாதவர்கள், நியாயமற்ற தாமதமோ செலவோ இன்றி வரவழைக்க முடியாதவர்கள் ஆகியோரின் கூற்றுகளைப் பற்றிப் பேசுகிறது என்பது உண்மை. ஆனால் ஆள் வர முடியாது என்று காட்டுவது முதற்படி மட்டுமே. அதற்குப் பின் அக்கூற்று அப்பிரிவில் சொல்லப்பட்ட எட்டு வகைகளுள் ஒன்றினுள் அடங்கவும் வேண்டும். அயலவர் ஒருவர் தான் கண்டதை மறுநாள் காலை இன்னொருவருக்குச் சொன்னது அவற்றுள் எதிலும் அடங்காது. அவரே நேரில் வருவாரா, அல்லது வெளிநாட்டில் உள்ள சாட்சியின் சாட்சியத்தை ஆணைக்குழு மூலம் (நீதிமன்றம் நியமிக்கும் ஒருவர் வழியாக) பெறக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் கீழ் விண்ணப்பிக்கலாமா என்று உங்கள் சட்டத்தரணியிடம் இப்போதே கேளுங்கள்.

அதே சொல்லை வேறொரு நோக்கத்துக்காக நீங்கள் சொல்ல இடமுண்டு. அன்று காலை ஏன் பொலிஸ் நிலையம் சென்றீர்கள் என்று கேட்கப்பட்டால், அயலவர் ஒரு செய்தி சொன்னார், அதைக் கேட்டுச் சென்றேன் என்று சொல்லலாம். ஆனால் வேலியைப் பிடுங்கியவர் யார் என்ற கேள்விக்கு அது விடையாகாது.

மறுமொழி: இளைப்பாறிய பதிவாளர், கிளிநொச்சி

சட்டத்தரணி அம்மா சொன்னவற்றோடு, மற்ற இரண்டு விடயங்களைப் பற்றி நானும் எழுதுகிறேன். பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் இருந்து நான் பார்த்தவரை, எங்கள் பக்கத்துக் காணி வழக்குகளில் மக்கள் அதிகம் இழப்பது இந்த இரண்டிலுந்தான்.

எதிராளியின் தகப்பனார் வரம்பில் நின்று சொன்ன சொல்லை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். வழக்கின் தரப்பினர் யாரிடமிருந்து தமது உரித்தைப் பெற்றனரோ, அவர் அந்த உரித்து தம்மிடம் இருந்த காலத்தில் சொன்ன கூற்று 18 ஆம் பிரிவின் கீழ் ஏற்புரையாகும், அதாவது அத்தரப்பு ஒத்துக்கொண்ட கூற்றாகக் கொள்ளப்படும். தகப்பனார் அக்காணியின் உரிமையாளராக இருந்தபோது பாலை மரந்தான் எல்லை என்று சொல்லியிருந்தால், அதை அவரிடமிருந்து காணியைப் பெற்ற மகனுக்கு எதிராக நிரூபிக்கலாம். அவர் இறந்துவிட்டபடியால் இன்னொரு வழியும் உண்டு. தனது சொத்துரிமைக்குப் பாதகமாக ஒருவர் சொன்ன கூற்றை 32 ஆம் பிரிவின் மூன்றாம் வகை அனுமதிக்கிறது. தன் காணி இவ்வளவுதான் என்று எவரும் வீணாகச் சொல்லமாட்டார் என்பதே அதற்கு அடிப்படை. ஒரு எச்சரிக்கை: அவர் காணியை மகனுக்கு எழுதிக்கொடுத்த பின்பு இதைச் சொல்லியிருந்தால் இரண்டு வழிகளும் அடைபடலாம். எனவே அந்தச் சிறுபோகம் எந்த ஆண்டு என்பதையும், மகனின் உறுதி எந்த ஆண்டு எழுதப்பட்டது என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்போது அருகில் நின்றவர்கள் யார், அவர் எந்தச் சொற்களைச் சொன்னார் என்பதையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். “எல்லையை ஒத்துக்கொண்டார்” என்று பொழிப்பாகச் சொன்னால் அது உங்கள் முடிபாகிவிடும். நீங்கள் இங்கே எழுதியதுபோல அவருடைய சொற்களையே சொல்ல வேண்டும்.

உறுதியைப் பொறுத்தவரை, அதில் என்ன எழுதியிருந்தது என்று அப்பா சொல்லக் கேட்டதை நீங்கள் சொன்னால் ஏற்கமாட்டார்கள். ஆனால் மூல ஆவணம் அழிந்தோ தொலைந்தோ போனால் இரண்டாம்நிலைச் சான்று கொடுக்க 65 ஆம் பிரிவு இடமளிக்கிறது. அந்த ஆவணத்தைத் தாமே பார்த்த ஒருவர் அதன் உள்ளடக்கத்தை வாய்மொழியாகச் சொல்வதும் 63 ஆம் பிரிவின்படி இரண்டாம்நிலைச் சான்றாகும். சின்னம்மாவோ குடும்பத்தில் வேறெவருமோ அந்த உறுதியைக் கையில் எடுத்து வாசித்திருந்தால், அவரே சாட்சிக்கூண்டில் ஏற வேண்டும். அதற்கு முன்னர் ஒன்றைத் தேடிப் பாருங்கள்: நொத்தாரிசு முடித்த உறுதியாயின், அவர் தம்மிடம் வைத்துக்கொள்ளும் படி நொத்தாரிசிடமும் இணைப்படி காணிப் பதிவகத்திலும் இருக்க வேண்டும். பங்கருக்குள் நனைந்தும், பொக்கணையிலும் மாத்தளனிலும் பையோடு கைவிடப்பட்டும் போன உறுதிகள் எத்தனையோ. அவற்றுக்கு உரியவர்களுள் பலர் பதிவகத்துக்கு ஒரு தடவையேனும் போய்ப் பார்க்காமலே எல்லாம் போய்விட்டது என்று இருந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த மனவருத்தம் தரும் விடயம்.

மறுமொழி: சட்ட மாணவி, ஒட்டுசுட்டான்

சட்டத்தரணி அக்காவுக்கு ஒரு கேள்வி. உண்மையை நிரூபிக்க அன்று, சொல்லப்பட்டதைக் காட்டவே கொண்டுவருகிறேன் என்று எந்தச் சட்டத்தரணியும் எழுந்து சொன்னால், எந்த ஊர்ப்பேச்சையும் நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்துவிடலாமே? அப்படியானால் விதிக்குப் பொருள் என்ன? மேலும், தமிழ்நாட்டு இணையத்தளங்களில் பிரிவு இலக்கங்கள் வேறாக இருக்கின்றன. எதைப் படிப்பது என்று தெரியவில்லை.

மறுமொழி: வவுனியா சட்டத்தரணி

தங்கச்சி, கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். அதற்குத் தடை 5 ஆம் பிரிவில் இருக்கிறது. பிரச்சினையிலுள்ள நிகழ்வுகளுக்கும் தொடர்புடையவை என்று கட்டளைச் சட்டம் கூறும் நிகழ்வுகளுக்கும் மட்டுமே சான்று கொடுக்கலாம். ஆகவே சொல்லப்பட்டது என்ற நிகழ்வே, அதன் உண்மை பொய்யைத் தள்ளிவைத்த பின்னும், வழக்கில் ஏதேனும் ஒன்றைக் காட்ட வேண்டும். எதையும் காட்டவில்லை என்றால், உண்மை என்று நம்பவைப்பதற்காகவே அது கொண்டுவரப்படுகிறது என்பது வெளிப்படை. நீதிபதி அதனைத் தடுப்பார்.

அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து கோமறைக் கழகத்துக்குச் சென்ற ரட்டன் வழக்கை ஒருமுறை வாசியுங்கள். தீர்ப்பறிக்கைகளில் அது 1972 ஆம் ஆண்டுக்குரியது. மனைவியைச் சுட்டுக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கணவர், துப்பாக்கியைத் துப்புரவு செய்தபோது தவறுதலாக வெடித்தது என்றும், அந்நேரத்தில் மனைவி எவருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை என்றும் கூறினார். தொலைபேசி நிலைய ஊழியர் ஒருவர், அந்த வீட்டிலிருந்து பெண்ணொருவர் பதற்றத்துடன் பொலிசை இணைத்துத் தருமாறு கேட்டதாகச் சாட்சியமளித்தார். அப்பெண் எதையும் உண்மை என்று அறிவிக்கவில்லை, உதவி கேட்டார். அப்படி ஓர் அழைப்பு வந்தது என்பதே கணவரின் கதையை உடைத்தது. அதுபோன்ற கனம் அந்தச் சொல்லுக்கு இருக்க வேண்டும். ஊர்ச் சந்தியில் பேசிக்கொண்டதற்கு அந்தக் கனம் இல்லை.

அத்தோடு, நிகழ்வு நடக்கும்போதே அதனோடு ஒட்டி எழும் சொற்களை 6 ஆம் பிரிவு தனியாக அனுமதிக்கிறது. கனகராயன்கரைத் தம்பியின் அயலவர் அன்றிரவே, வேலி பிடுங்கப்படும்போதே, ஆட்களின் பெயர் சொல்லிக் கூக்குரலிட்டு, அதைத் தம்பி தன் காதால் கேட்டிருந்தால் அது அந்நடவடிக்கையின் ஒரு பகுதியாக ஏற்கப்படக்கூடும். மறுநாள் காலை ஆறுதலாக எடுத்துச் சொன்னது அப்படியாகாது.

இந்தியா தனது 1872 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, 2024 யூலை முதலாம் திகதி முதல் புதிய சாட்சியச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியுள்ளது. அதனால்தான் இலக்கங்கள் மாறியிருக்கின்றன. எங்கள் கட்டளைச் சட்டத்தில் பழைய இலக்கங்களே தொடர்கின்றன. இங்கிலாந்துத் தளங்களை வாசிக்கும்போதும் அவதானம் தேவை. அங்கே 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் குடியியல் வழக்குகளில் செவிவழிச் சாட்சியம் என்பதற்காக மட்டும் எதையும் விலக்குவதில்லை. எங்கள் 60 ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது.

மறுமொழி: இளைப்பாறிய பதிவாளர், கிளிநொச்சி

மாணவிக்கு இன்னொன்றும் பயன்படும். கூற்று என்றால் வாயால் பேசியதும் எழுதியதும் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். அலிசாந்திரி வழக்கு எங்கள் நாட்டிலிருந்தே கோமறைக் கழகத்துக்குச் சென்று 1937 ஆம் ஆண்டுத் தீர்ப்பறிக்கைகளில் இடம்பெற்றது. கழுத்து வெட்டப்பட்டுப் பேச முடியாமலிருந்த பெண்ணொருவர், தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்குச் சைகையாலும் தலையசைப்பாலும் விடை சொல்லி, பின்னர் இறந்தார். கேள்வியும் சைகையும் சேர்ந்து 32 ஆம் பிரிவின் முதலாம் வகைக்குள் வரும் கூற்றாக ஏற்கப்பட்டது. இறந்தவர் தன் மரணத்தின் காரணத்தையோ, அம்மரணத்தில் முடிந்த நடவடிக்கையின் சூழ்நிலைகளையோ சொன்ன கூற்று அவ்வகை. சொன்ன வேளையில் சாவை எதிர்பார்த்திருக்க வேண்டும் என்ற பழைய ஆங்கிலச் சட்ட நிபந்தனை இங்கே இல்லை. ஏற்றுக்கொள்ளப்பட்டாலும், குறுக்கு விசாரணைக்கு உட்படாத சொல் என்ற காரணத்தால் அதன் பெறுமதியை நீதிமன்றம் மிகுந்த எச்சரிக்கையோடு நிறுத்துப் பார்க்கும்.

மறுமொழி: ஆசிரியை, புதுக்குடியிருப்பு

காணி வழக்குக்கு நேரடித் தொடர்பில்லாவிட்டாலும், இதே விடயம் என்பதால் கேட்கிறேன். எங்கள் உறவினர் ஒருவர் 2009 மே மாதத்துக்குப் பின் காணாமலாக்கப்பட்டார். அவரை ஒரு பேருந்தில் ஏற்றியதைத் தாம் கண்டதாக ஒரு தாய் எங்களிடம் சொன்னார். அதை நாங்கள் எங்கே சொன்னாலும், நேரில் கண்டீர்களா என்று மட்டுமே கேட்கிறார்கள். அந்தத் தாயின் சொல்லுக்குச் சட்டத்தில் ஓரிடமும் இல்லையா?

மறுமொழி: வவுனியா சட்டத்தரணி

ஆசிரியை அவர்களே, இடம் உண்டு. ஆனால் எந்த இடத்தில் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்தை நிறுவிய 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்ற வழக்கொன்றில் ஏற்க முடியாத கூற்றுகளையும், சான்றுக் கட்டளைச் சட்டத்தில் என்ன சொல்லப்பட்டிருந்தாலும், ஏற்றுக்கொள்ளும் அதிகாரத்தை அந்த அலுவலகத்துக்கு வழங்கியிருக்கிறது. ஆகவே அங்கே உங்கள் கூற்றில் அந்தத் தாய் சொன்னதை முழுமையாகப் பதிவு செய்யுமாறு வலியுறுத்துங்கள். நேரில் காணவில்லை என்பதைக் காரணமாகக் கொண்டு அதனை எழுதாமல் விட இடமளிக்க வேண்டாம்.

நீதிமன்றத்தில், ஆட்கொணர்வு மனுவாயினும் வேறெதுவாயினும், பேருந்தில் ஏற்றியதை நிரூபிக்க அந்தத் தாயே வர வேண்டும். அவர் முதுமையடைந்தவராயின் தாமதிக்காதீர்கள். உங்கள் சட்டத்தரணியோடு கலந்து, அவர் கண்டதை அவருடைய பெயரிலேயே சத்தியக்கடதாசியாக எழுதுவித்து வையுங்கள். எந்த இடத்தில் நின்றார், எவ்வளவு தூரம், எந்த வேளை, பேருந்தின் நிறம் என்ன, கூட நின்றவர்கள் யார் என்பவை அதில் இருக்கட்டும். சத்தியக்கடதாசி அவருடைய நேரடிச் சாட்சியத்துக்கு எல்லாச் சந்தர்ப்பத்திலும் ஈடாகாது என்பதையும் மனதில் வைத்து, அவர் நலமாக இருக்கும் காலத்திலேயே அவரை மன்றின் முன் அழைக்க வழி தேடுங்கள்.

மறுமொழி: கனகராயன்கரை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எதிராளியின் தகப்பனார் காணியை மகனுக்கு எழுதிய ஆண்டை அறியவும், எங்கள் உறுதியின் இணைப்படியைத் தேடவும் சின்னம்மாவுடன் காணிப் பதிவகத்துக்குச் செல்லவிருக்கிறேன். கனடாவில் உள்ள அயலவருடனும் பேசிவிட்டேன். வரும் ஆவணியில் ஊருக்கு வரும் எண்ணம் இருப்பதாகவும், வந்தால் தாமே சாட்சி சொல்வதாகவும் கூறுகிறார். வழக்கின் அடுத்த தவணையை அதற்கேற்ப வைக்கக் கேட்க முடியுமா என்று எங்கள் சட்டத்தரணியிடம் கேட்கிறேன்.